பழைய கடனைத் துடைப்பது பாதி வேலைதான்: செக், போலந்து, ஹங்கேரி வங்கிகளின் 1990-கள்

“கம்யூனிச ஆட்சி முடிந்த நாடுகளில் அரசு வங்கிகளின் வாராக்கடனை அரசே ஏற்றுக்கொண்டு, வங்கிகளையும் உடனே தனியாரிடம் ஒப்படைத்திருந்தால் சீர்திருத்தம் முடிந்திருக்காதா? ஏன் பத்தாண்டுகள் இழுத்தது, ஏன் அத்தனை செலவானது?” என்பது இங்கே கேட்கப்பட்ட கேள்வி. இதற்கு நேரான விடை செக் குடியரசின் கதையில் இருக்கிறது. வாராக்கடனை முந்திக்கொண்டு ஏற்ற நாடும் அதுதான். வங்கிப் பங்குகளைப் பொதுமக்களிடம் முந்திக்கொண்டு பரப்பிய நாடும் அதுதான். போலந்து, ஹங்கேரி ஆகிய அண்டை நாடுகளோடு ஒப்பிட்டால் வங்கிகளுக்காக மிக அதிகம் இழந்த நாடும் அதுதான். 1990-இல் தொடக்கக் கோட்டில் நின்றபோது மூன்று நாடுகளில் வெளிநாட்டுக் கடன் மிகக் குறைவாகவும் விலைவாசி மிக நிதானமாகவும் இருந்தது செக்கோஸ்லோவாக்கியாவில்தான் (அது 1993-இல் செக் குடியரசு, ஸ்லோவாக்கியா என இரண்டாகப் பிரிந்தது) என்பதால், இந்த முடிவு இன்னும் விசித்திரமாகத் தோன்றும்.

முதலில், அந்த ஆட்சியில் வங்கி என்ற சொல்லுக்கு என்ன பொருள் இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். நாணயத்தை வெளியிடுவதும் தொழிற்சாலைகளுக்குக் கடன் கொடுப்பதும் ஒரே அரசு வங்கியின் பொறுப்பு. குடும்பங்களின் சேமிப்பை வாங்கி வைக்க ஒரு சேமிப்பு வங்கி, வெளிநாட்டு வணிகத்துக்கு இன்னொரு வங்கி, அவ்வளவுதான். எந்த ஆலைக்கு எவ்வளவு இரும்பு, எவ்வளவு ஆட்கள் என்பதைத் திட்டக் குழு தீர்மானித்துவிடும். அதற்குரிய பணம் கணக்கில் தானாக ஏறும். வங்கி அலுவலர் பார்த்ததெல்லாம் செலவு திட்டத்தின்படி நடந்ததா என்பதையே தவிர, கடன் வாங்கியவரால் திருப்பித் தர முடியுமா என்பதை அல்ல. அந்தக் கேள்விக்கே அங்கு இடம் இல்லை. ஏனெனில் திருப்பித் தராத ஆலையை யாரும் மூடப்போவதில்லை. ஹங்கேரியப் பொருளியலாளர் யானோஷ் கொர்னாய் இந்த நிலையை ‘மென்மையான வரவுசெலவுக் கட்டுப்பாடு’ என்று அழைத்தார். நட்டம் வந்தால் யாரோ ஒருவர் ஈடுகட்டுவார் என்று நிறுவனம் முன்கூட்டியே அறிந்திருக்கும் நிலை அது. இந்தச் சொற்றொடரை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிப்பது நல்லது. ஆட்சி மாறியதும் ஈடுகட்டும் வேலையைத் திட்டக் குழுவிடமிருந்து வங்கிகள் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டன என்பதே பின்னால் வந்த இழப்புகளின் வேர்.

இந்த ஒற்றை வங்கியை மத்திய வங்கி என்றும் வணிக வங்கிகள் என்றும் பிரிப்பதே முதல் சீர்திருத்தம். ஹங்கேரி இதை ஆட்சி மாற்றத்துக்கு முன்பே, 1987 ஜனவரி 1 அன்று செய்துவிட்டது. போலந்து 1989 பிப்ரவரியிலும் செக்கோஸ்லோவாக்கியா 1990 ஜனவரியிலும் செய்தன. எப்படிப் பிரிப்பது என்பதில் மூவருமே தவறினார்கள் என்பது என் கருத்து. போலந்து தன் தேசிய வங்கியின் கிளைகளை வட்டாரவாரியாக அறுத்து ஒன்பது வங்கிகளாக்கியது. அதனால் ஊட்ச் நகரத்து வங்கியின் தலையில் நெசவாலைகளும், கத்தோவித்ஸே வங்கியின் தலையில் நிலக்கரியும் எஃகும் விழுந்தன. 1991-இல் சோவியத் சந்தை சரிந்தபோது நெசவாலைகளோடு ஊட்ச் வங்கியும் தள்ளாடியது. ஹங்கேரி தொழில்வாரியாகப் பிரித்து, ஒரு வங்கிக்குப் பெருந்தொழில், இன்னொன்றுக்கு வேளாண்மையும் உணவுத் தொழிலும் என்று கொடுத்ததால், அங்கும் இடர் ஒரே கூடையில் குவிந்தது. செக்கோஸ்லோவாக்கியாவில் செக் பகுதிக்குக் கொமெர்ச்னி பாங்கா, ஸ்லோவாக் பகுதிக்கு வேறொன்று, முதலீட்டுக் கடன்களுக்கு இன்வெஸ்டிச்னி பாங்கா என்று பங்கு போட்டார்கள். எப்படிப் பிரித்தாலும், புதிய வங்கிக்கு அதன் கடன் ஏடு தானே தேர்ந்தெடுத்ததாக இல்லாமல் மாமியார் வீட்டுச் சீதனம்போல் வந்து சேர்ந்ததாகவே இருந்தது. அலுவலர்களும் அவர்களே, வாடிக்கையாளர்களும் அவர்களே. பெயர்ப்பலகை மட்டும் புதிது.

செக்கோஸ்லோவாக்கியாவின் கடன் ஏட்டில் ஒரு தனி வகை இருந்தது. ஆலைகள் தங்கள் சரக்கிருப்புக்காகக் குறைந்த வட்டியில், திருப்பித் தரும் நாள் என்ற ஒன்றே இல்லாமல் வாங்கியிருந்த நிரந்தரச் சுழற்கடன்கள் அவை. பழைய ஆட்சி ஆலைகளின் சொந்த நிதியை உறிஞ்சிக்கொண்டு அதற்குப் பதில் இந்தக் கடனை ஊட்டியிருந்தது. 1991-இன் தொடக்கத்தில் கொன்சொலிடச்னி பாங்கா என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டு, ஏறத்தாழ 11,000 கோடி கொருனா மதிப்புள்ள இந்தக் கடன்கள் வணிக வங்கிகளின் ஏட்டிலிருந்து அதன் ஏட்டுக்கு மாற்றப்பட்டன. அதே ஆண்டின் இறுதியில், தனியாருக்கு மாற்ற வேண்டிய அரசுச் சொத்துகளை வைத்திருந்த தேசியச் சொத்து நிதியம் 5,000 கோடி கொருனாவுக்குக் கடன் பத்திரங்களை வங்கிகளுக்கு வழங்கியது. அதில் பெரும்பகுதி பழைய கடன்களைத் தள்ளுபடி செய்யவும், எஞ்சியது வங்கிகளின் மூலதனத்தை உயர்த்தவும் பயன்பட்டது. மற்ற நாடுகள் கையைப் பிசைந்துகொண்டிருந்த 1991-இல் இது துணிச்சலான வேலை என்பதில் ஐயமில்லை. அப்போது பிராக் சென்று வந்த வெளிநாட்டு ஆலோசகர்கள் பாராட்டியதிலும் வியப்பில்லை.

தவறு அடுத்து எடுத்த முடிவில் தொடங்கியது. பழைய கடன்தான் நோய், அது போய்விட்டது, இனி உரிமையைத் தனியாருக்கு மாற்றினால் சந்தை மீதியைப் பார்த்துக்கொள்ளும் என்று நிதியமைச்சராகவும் பின்னர் பிரதமராகவும் இருந்த வாத்ஸ்லாவ் கிளவுஸும் அவர் குழுவினரும் கருதினார்கள். வேகம்தான் முக்கியம், சட்ட நுணுக்கங்கள் பிறகு வரட்டும் என்பது அவர்கள் அணுகுமுறை. அதன்படி வந்ததுதான் வவுச்சர் முறை. வயது வந்த குடிமகன் ஒவ்வொருவரும் 1,035 கொருனா கட்டி ஒரு கையேட்டை வாங்கினால் 1,000 புள்ளிகள் கிடைக்கும். அவற்றைக் கொண்டு ஏலத்தில் ஆலைகளின் பங்குகளைக் கேட்கலாம். முதல் சுற்று 1992-இல் நடந்தபோது கூட்டாட்சி முழுவதும் சேர்த்து எண்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள். தொடக்கத்தில் மக்கள் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. ‘உங்கள் புள்ளிகளை என் நிதியத்திடம் தாருங்கள், ஓராண்டும் ஒரு நாளும் கழித்துக் கட்டிய பணத்தைப் பத்து மடங்காகத் தருகிறேன்’ என்று விக்டர் கொஜெனி என்பவரின் ஹார்வர்ட் முதலீட்டு நிதியங்கள் விளம்பரம் செய்த பிறகுதான் கூட்டம் முண்டியடித்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்கும் அந்த நிதியங்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தப் பெயருக்குச் சந்தையில் விலை இருந்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

இந்தப் போட்டியைப் பார்த்துப் பெரிய வங்கிகளும் தங்கள் முதலீட்டு நிறுவனங்களின் வழியே நிதியங்களைத் தொடங்கின. முதல் சுற்றின் புள்ளிகளில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு நிதியங்களின் கைக்குப் போனது. அவற்றில் மிகப் பெரியவை பல, வங்கிகள் பெற்ற பிள்ளைகள். அதே ஏலத்தில் கொமெர்ச்னி பாங்கா, இன்வெஸ்டிச்னி பாங்கா, செஸ்கா ஸ்போரிடெல்னா என்ற சேமிப்பு வங்கி ஆகியவற்றின் பங்குகளும் விற்கப்பட்டன. அரசின் சொத்து நிதியம் ஒவ்வொன்றிலும் மிகப் பெரிய பங்குதாரராகத் தொடர்ந்தது. இதை ஒரு தாளில் கோடு போட்டுப் பார்த்தால்தான் விபரீதம் புரியும். அரசுக்கு வங்கியில் பங்கு; வங்கியின் முதலீட்டு நிறுவனம் நடத்தும் நிதியத்துக்கு ஆலையில் பங்கு; அந்த ஆலைக்கு அதே வங்கியில் கடன்; ஒரு வங்கியின் நிதியத்துக்கு இன்னொரு வங்கியிலும் பங்கு. ஆலை கடனைக் கட்டவில்லை என்றால் வங்கி என்ன செய்ய வேண்டும்? திவாலாக்கினால் தன் நிதியத்தின் பங்கு ஒன்றுமில்லாமல் போகும், தன் ஏட்டில் நட்டம் வெளிப்படும், ஊரில் வேலையிழப்பு வரும், மிகப் பெரிய பங்குதாரரான அரசு முகம் சுளிக்கும். இன்னொரு கடன் கொடுத்துப் பழைய வட்டியை அதிலிருந்தே கழித்துக்கொண்டால் எல்லோருக்கும் நிம்மதி. காகிதத்தில் தனியார்மயம் நிறைவேறிவிட்டது. நட்டத்துக்குப் பொறுப்பேற்க வேண்டிய உரிமையாளர் என்று ஒருவரும் அந்த வளையத்தில் இல்லை.

சட்டமும் இதற்குத் துணை நின்றது. 1991-இல் இயற்றப்பட்ட திவால் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் 1993 ஏப்ரல் வரை செயலுக்கு வராமல் நிறுத்தி வைக்கப்பட்டன. வந்த பிறகும் நீதிமன்றங்கள் ஆமை வேகத்தில் நகர்ந்தன. ஈடாக வைத்த கட்டடத்தை எடுத்து விற்பதற்குள் அதன் மதிப்பில் பாதி கரைந்துவிடும். 1990-களின் நடுவில் செக் குடியரசின் வேலையின்மை நான்கு விழுக்காட்டைச் சுற்றியே இருந்தது. அக்கம்பக்கத்து நாடுகளில் அது இரட்டை இலக்கத்தில் நின்றதால், இதைச் ‘செக் அற்புதம்’ என்று எழுதியவர்கள் உண்டு. அந்த அற்புதத்தின் ஒரு பகுதிக்கான விலைச்சீட்டு வங்கிகளின் கடன் ஏட்டில் ஒளிந்திருந்தது. மானியத்தை அரசு வெளிப்படையாகக் கொடுத்திருந்தால் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்திருக்கும். வங்கிக் கடனாகப் போனபோது யாரும் கேட்கவில்லை.

பெரிய வங்கிகள் இப்படி மெல்லக் கசிந்துகொண்டிருந்தபோது, சிறிய வங்கிகள் வெளிப்படையாகவே உடைந்தன. போட்டி வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் தொடக்கத்தில் 5 கோடி கொருனா மூலதனம் இருந்தாலே உரிமம் தரப்பட்டது. 1990-களின் நடுவில் வங்கிகளின் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டியது. அவற்றில் பலவற்றின் உரிமையாளர்கள், வங்கியைத் தங்கள் சொந்த நிறுவனங்களுக்கான உண்டியலாகவே கருதினார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை. 1996-இல் பில்சன் நகரத்துக் கிரெடிட்னி பாங்கா வீழ்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், தனியார் வங்கிகளில் மிகப் பெரியதான அக்ரோபாங்காவை மத்திய வங்கி தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. நிறுவனத்தின் சொத்தை உள்ளிருந்தே, சட்டத்தின் சந்துபொந்துகள் வழியே வெளியே கடத்துவதைக் குறிக்கச் செக் மக்கள் ‘துனெலோவானி’, அதாவது சுரங்கம் தோண்டுதல், என்ற சொல்லைப் படைத்துக்கொண்டார்கள். அந்தச் சொல் இன்று உலகெங்கும் நிறுவன நிர்வாகம் பற்றிய ஆய்வுகளில் கலைச்சொல்லாக வழங்குகிறது. ஒரு சீர்திருத்தம் உலக மொழிகளுக்கு இப்படியொரு கொடையை விட்டுச் செல்வதைப் பெருமையாகக் கொள்ள முடியாது.

1997 மே மாதத்தில் கொருனா மீது ஊகத் தாக்குதல் வந்து, நிலையான மாற்று விகிதத்தைக் கைவிட நேர்ந்தது. நவம்பரில் கிளவுஸ் அரசு விழுந்தது. மத்திய வங்கித் தலைவராக இருந்த யோசெஃப் தொஷோவ்ஸ்கி இடைக்காலப் பிரதமரானார். அந்த இடைக்காலத்தில், 1998 மார்ச்சில், இன்வெஸ்டிச்னி பாங்காவும் அஞ்சல் வங்கியும் இணைந்து உருவாகியிருந்த ஐ.பி.பி. என்ற பெரிய வங்கியில் அரசுக்கு இருந்த முப்பத்தாறு விழுக்காட்டுப் பங்கை ஜப்பானின் நொமுரா நிறுவனம் ஏறத்தாழ 300 கோடி கொருனாவுக்கு வாங்கியது. நொமுராவின் கண் வங்கித் தொழிலின் மீதா, வங்கியின் வழியாகக் கைக்கு வரக்கூடிய ஆலைகளின் மீதா என்ற ஐயம் அன்றே எழுந்தது. வங்கிக்குத் தொடர்புள்ள பில்சன் மதுவடிப்பாலையும் ராதகாஸ்ட் மதுவடிப்பாலையும் நொமுராவின் கைக்கு வந்து, 1999-இல் தென்னாப்பிரிக்க நிறுவனம் ஒன்றுக்கு நல்ல இலாபத்தில் விற்கப்பட்டன. வங்கியின் ஓட்டையோ அப்படியே இருந்தது.

2000 ஜூனில் வைப்பாளர்கள் பணத்தை எடுக்க வரிசையில் நின்றார்கள். ஜூன் 16 அன்று மத்திய வங்கி நிர்வாகியை நியமித்தது; ஆயுதம் ஏந்திய காவல் படையினர் ஐ.பி.பி. தலைமையகத்துக்குள் நுழைந்த காட்சி தொலைக்காட்சியில் ஓடியது. மூன்றே நாளில், ஜூன் 19 அன்று, அந்த வங்கி பெயரளவுத் தொகைக்கு, அரசின் உத்தரவாதத்தோடு, முந்தைய ஆண்டுதான் பெல்ஜியத்தின் கே.பி.சி. குழுமத்துக்கு விற்கப்பட்டிருந்த செ.எஸ்.ஓ.பி. வங்கிக்குக் கைமாற்றப்பட்டது. கதை அங்கே முடியவில்லை. மற்ற மூன்று பெரிய வங்கிகளின் வாராக்கடனை அரசு வாரி எடுத்துக்கொண்டு அவற்றுக்கு மட்டும் உதவி செய்தது, ஐ.பி.பி.க்குச் செய்ய மறுத்தது, இது பாகுபாடு என்று நொமுராவின் நெதர்லாந்துத் துணை நிறுவனமான சலூகா பன்னாட்டு நடுவர் மன்றத்தை அணுகியது. 2006 மார்ச்சில், அரசு முதலீட்டாளரை நியாயமாகவும் சமமாகவும் நடத்தத் தவறியது என்று மன்றம் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பை முதலீட்டுச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்; வங்கியியல் படிப்பவர்களும் படிக்க வேண்டும் என்பேன். எந்த வங்கிக்கு எந்த அடிப்படையில் உதவி என்பதை முன்கூட்டியே விதியாக எழுதி வைக்காத நாடு, பிறகு அதற்காக வழக்கு மன்றத்தில் விலை கொடுக்கும் என்பதற்கு அது சான்று.

மீதமிருந்த பெரிய வங்கிகளை விற்றது, வேடிக்கையாக, மிலோஷ் செமனின் சமூக ஜனநாயக அரசு. சந்தைப் பற்றை உரக்கப் பறைசாற்றிய வலதுசாரி அரசு ஆறு ஆண்டுகள் வங்கிகளில் தன் பிடியை விடாமல் வைத்திருந்தது. இடதுசாரி அரசு மூன்றே ஆண்டுகளில் விற்றுத் தீர்த்தது. 1999-இல் செ.எஸ்.ஓ.பி. வங்கியின் பெரும்பான்மைப் பங்கு 4,000 கோடி கொருனாவுக்கும், 2000-இல் செஸ்கா ஸ்போரிடெல்னாவின் ஐம்பத்திரண்டு விழுக்காடு ஆஸ்திரியாவின் எர்ஸ்டே வங்கிக்கு 1,900 கோடிக்கும், 2001-இல் கொமெர்ச்னி பாங்காவின் அறுபது விழுக்காடு பிரான்ஸின் சோசியேதே ஜெனரால் வங்கிக்கு 4,000 கோடிக்கும் போயின. விற்பதற்கு முன் இவற்றின் அழுகிய கடன்களை அரசு மீண்டும் ஒரு முறை வெட்டி எடுத்துக் கொன்சொலிடச்னி பாங்காவில் கொட்ட வேண்டியிருந்தது. ஆக, 1991-இல் ஒரு முறை துடைத்த ஏட்டைப் பத்தாண்டுக்குள் மறுபடியும் துடைத்தார்கள். கொன்சொலிடச்னி பாங்கா 2001-இல் முகமையாக மாற்றப்பட்டு 2007 இறுதியில்தான் மூடப்பட்டது. மொத்தச் செலவு எவ்வளவு என்பதில் கணக்கிடும் முறைக்கேற்ப வேறுபாடு உண்டு; ஆனால் ஓராண்டு நாட்டு உற்பத்தியின் கால்பங்கு என்ற அளவிலான மதிப்பீடுகள் பரவலாக ஏற்கப்பட்டவை.

போலந்து ஏன் குறைவாக இழந்தது? அங்கேயும் தொடக்கம் அலங்கோலம்தான். 1991-இல் வெடித்த ‘ஆர்ட்-பி’ ஊழல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பணவீக்கத்தால் வட்டி விகிதம் வானத்தில் இருந்தது. ஒரு வங்கிக் கிளையின் காசோலை இன்னொரு நகரக் கிளைக்கு அஞ்சலில் போய்த் தீர்வாகப் பல நாட்கள் பிடித்தன. அந்த இடைவெளியில் ஒரே தொகைக்கு இரண்டு இடங்களில் வட்டி ஏறும். காசோலைகளை ஊர் ஊராக வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தால், வங்கிகள் விழித்துக்கொள்வதற்குள் பெருஞ்செல்வம் திரட்டலாம் என்று இரண்டு இளைஞர்கள் கண்டுபிடித்து, அப்படியே செய்து, நாட்டைவிட்டும் பறந்தார்கள். சீர்திருத்தம் என்றால் பங்கு விற்பனையும் மூலதன விகிதமும் மட்டுமே என்று எண்ணுபவர்களுக்கு இதை அடிக்கடி நினைவூட்ட வேண்டியிருக்கிறது. தீர்வகம், தொலைபேசித் தொடர்பு, கணக்குப் பதிவு ஆகிய சலிப்பூட்டும் வேலைகள் முடியாத இடத்தில் மற்றவை நிற்காது.

ஆனால் போலந்து நிதியமைச்சகம் ஒன்றைச் சரியாகப் புரிந்துகொண்டது. 1991-இல் வெளிநாட்டுத் தணிக்கையாளர்களைக் கொண்டு வட்டார வங்கிகளின் கடன் ஏடுகளைத் தோண்டிப் பார்த்தது. அடுத்து, வாராக்கடனைத் தனி நிறுவனத்துக்கு மாற்றாமல் வங்கியிடமே விட்டு வைக்கத் தீர்மானித்தது. கடனைக் கொடுத்தவனே வசூலிக்கக் கற்றுக்கொள்ளட்டும் என்பது துணை அமைச்சர் ஸ்டெஃபான் கவாலெட்ஸ் முன்னின்று வடிவமைத்த திட்டத்தின் உயிர்நாடி. ஒவ்வொரு வங்கியும் வாராக்கடனுக்கென்று தனித் துறை தொடங்க வேண்டும். கட்டத் தவறிய நிறுவனத்துக்குப் புதுக்கடன் கூடாது. 1993 பிப்ரவரியில் இயற்றிய சட்டத்தின்படி, 1994 மார்ச் இறுதிக்குள் பழைய வாராக்கடன் ஒவ்வொன்றுக்கும் ஏதேனும் ஒரு முடிவு காட்டியாக வேண்டும். நிறுவனம் கட்டத் தொடங்கியிருக்கலாம், திவால் வழக்குப் போட்டிருக்கலாம், கடனை வேறொருவருக்கு விற்றிருக்கலாம், அல்லது கடன் தொகையில் பாதிக்கு மேல் கொடுத்தவர்கள் ஒத்துக்கொண்டு தவணையை மாற்றியமைத்திருக்கலாம். சும்மா இருப்பது மட்டும் கூடாது. இந்த நிபந்தனைகளோடு, 1993 செப்டம்பரில் ஏழு வங்கிகளுக்குப் பதினைந்து ஆண்டு அரசுக் கடன் பத்திரங்கள் மூலதனமாகத் தரப்பட்டன. தொகை 1991 இறுதி நிலவரப்படி கணக்கிடப்பட்டதால், அதற்குப் பின் கொடுத்த கெட்ட கடனுக்கு வங்கி தானே பொறுப்பு. ஒரு முறைதான், இனி இல்லை என்ற சொல்லை அவர்கள் நம்ப வைத்தார்கள். கூடவே, வட்டார வங்கிகளுக்கு மேற்கு ஐரோப்பிய வங்கிகள் துணைக்கு அமர்த்தப்பட்டன. போஸ்னான் வங்கிக்குத் தோள் கொடுத்த அயர்லாந்தின் அல்லைட் ஐரிஷ் வங்கி பின்னர் அதன் உரிமையாளராகவும் ஆனது.

போலந்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவதும் தவறு. அதன் பழைய கடன் சுமை சிறியதாக இருந்ததற்கு ஒரு காரணம், 1989-90 பணவீக்கம் அதை அரித்துவிட்டிருந்தது. 1990 ஜனவரி ஒரே மாதத்தில் விலைகள் ஏறத்தாழ எண்பது விழுக்காடு ஏறின. ஆலைகளின் கடனோடு பாட்டிமார்களின் சேமிப்பும் கரைந்தது என்பதை எந்த மீட்புச் செலவுக் கணக்கும் சேர்ப்பதில்லை. ஒப்பந்தங்களின் வழியே ஆலைகள் பெரிதாகத் திருந்தியதாகவும் சொல்ல முடியாது. பெரும்பாலானவை தவணையை நீட்டிக்கும் ஏற்பாடுகளாகவே முடிந்தன. வங்கிகள் திருந்தின, அதுதான் ஆதாயம். விற்பனையிலும் சறுக்கல் வந்தது. கத்தோவித்ஸேயின் ஸ்லோன்ஸ்கி வங்கிப் பங்கு 5 லட்சம் பழைய ஸ்வோட்டிக்கு (1995-க்கு முந்தைய போலந்து நாணயம்) விற்கப்பட்டு, 1994 ஜனவரியில் பங்குச் சந்தையில் முதல் நாளே 67.5 லட்சத்துக்குப் போனது. அரசு சொத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள் என்று எழுந்த கூச்சலில் கவாலெட்ஸ் பதவி நீக்கப்பட, அதை எதிர்த்து நிதியமைச்சர் மாரெக் பொரோவ்ஸ்கியும் விலகினார். நல்ல திட்டம் தீட்டியவர்களை வரலாறு இப்படித்தான் கவனித்துக்கொள்கிறது.

ஹங்கேரியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அது செக் நாட்டுக்கு நேர் எதிரான முனையில் தொடங்கியது. 1992-இல் நடைமுறைக்கு வந்த திவால் சட்டம், தொண்ணூறு நாள் பாக்கி வைத்த எந்த நிறுவனமும் தானே நீதிமன்றத்துக்குப் போய்த் திவால் நடவடிக்கைக்கு மனுச் செய்ய வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. ஒரே ஆண்டில் நான்காயிரத்தைத் தாண்டிய மனுக்களில் நீதிமன்றங்கள் மூழ்கின. வங்கி ஏடுகளில் மறைந்திருந்த நட்டமெல்லாம் ஒரே நேரத்தில் மேலே மிதந்தது. பிறகு 1992-இலிருந்து 1994 வரை அரசு வங்கிகளை மீட்டது, மறுபடி மீட்டது, இன்னும் ஒரு முறை மீட்டது. ஒவ்வொரு மீட்புக்குப் பின்னும் ‘அடுத்தது எப்போது’ என்று வங்கிகள் காத்திருந்தன. அந்தப் பழக்கத்தை நிறுத்தியது விற்பனைதான். முன்பு வங்கித் தலைவராக இருந்த லாயோஷ் பொக்ரோஷ் 1995-இல் நிதியமைச்சரானார். அந்த ஆண்டின் இறுதியில் புடாபெஸ்ட் வங்கி ஜி.இ. கேப்பிடலுக்கும், 1996 இறுதியில் ஹங்கேரியக் கடன் வங்கி நெதர்லாந்தின் ஏ.பி.என். ஆம்ரோவுக்கும் போயின. ஹங்கேரி இரண்டு மூன்று ஆண்டுகளில் முடித்ததைச் செக் குடியரசு சில ஆண்டுகள் கழித்துத்தான் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தின் கடன்கள்தான் செலவு வேறுபாட்டின் பெரும்பகுதி.

இப்போது கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வரலாம்: ‘உடனே தனியாரிடம்’ என்றால் எந்தத் தனியார்? லட்சக்கணக்கான வவுச்சர்க்காரர்களிடம் சிதறிய பங்கு யாருக்கும் உரிமையுணர்வைத் தரவில்லை. கடன் வாங்கும் தொழிலதிபரிடம் போன வங்கி சுரண்டப்பட்டது. சொந்த மூலதனத்தைப் போட்டு, இழந்தால் தானே இழக்கக்கூடிய, அமைச்சகத்திலிருந்து வரும் தொலைபேசி அழைப்புக்கு ‘முடியாது’ என்று சொல்லத் தயங்காத உரிமையாளர்தான் தேவைப்பட்டார். 1990-களின் மத்திய ஐரோப்பாவில் அத்தகைய மூலதனம் உள்நாட்டில் இல்லாததால் வெளிநாட்டு வங்கிகள் வந்தன. அயல்நாட்டார் என்பதால் கிடைத்த நன்மை அல்ல அது. கடன் வாங்கியவனுக்கு மாமனோ மச்சானோ ஆகாத ஒருவர் கடன் மேசையில் உட்கார்ந்ததால் கிடைத்த நன்மை.

அதற்கும் விலை இருந்தது. 2000-க்குப் பின் வியன்னாவிலும் மிலானிலும் தலைமையகம் வைத்திருந்த வங்கிகள், ஹங்கேரியிலும் போலந்திலும் ஸ்விஸ் பிராங்கில் வீட்டுக் கடன் கொடுத்துக் குவித்தன. 2008 நெருக்கடியில் ஹங்கேரியின் நாணயமான ஃபோரின்டும் போலந்தின் ஸ்வோட்டியும் சரிந்தபோது, மாதத் தவணை திடீரென ஏறிய குடும்பங்கள் தவித்தன. உள்நாட்டு வட்டி குறைவாக இருந்த செக் குடியரசில் மக்கள் கொருனாவிலேயே கடன் வாங்கியிருந்ததால் அந்த நாடு தப்பியது. 1990-களில் தடுமாறிய நாட்டுக்கு இந்த முறை அதிர்ஷ்டம். தாய் வங்கிகள் பணத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியேறாமல் இருக்க, 2009 ஜனவரியில் வியன்னாவில் பன்னாட்டு அமைப்புகளும் வங்கிகளும் கூடி ஓர் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியிருந்தது. அதன்பின் காற்று திசை மாறியது. ஹங்கேரி அரசு 2014-இல் எம்.கே.பி. வங்கியையும், 2015-இல், இருபது ஆண்டுகளுக்கு முன் விற்ற அதே புடாபெஸ்ட் வங்கியையும் திரும்ப வாங்கியது. போலந்து 1999-இல் இத்தாலியின் யூனிகிரெடிட்டுக்கு விற்ற பெகாவோ வங்கியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை, அரசின் கட்டுப்பாட்டிலுள்ள காப்பீட்டு நிறுவனமும் வளர்ச்சி நிதியமும் சேர்ந்து 2017-இல் 1,060 கோடி ஸ்வோட்டி கொடுத்து மீட்டுக்கொண்டன. கெட்ட கடன்களோடு கைகழுவப்பட்ட 1990-களின் வங்கிகளைப் போலன்றி, பெகாவோ திரும்பி வந்தபோது இலாபம் ஈட்டும், மூலதனம் நிறைந்த வங்கியாக இருந்தது. கொடுத்த விலையும் அதற்கேற்றதாகவே இருந்தது.